நான்காவது மஞ்சள் புள்ளி

ஜூன் 3, திங்கள்

கெமிக்கல் கம்பெனிக்காரர் ஜனவரியில் தரவேண்டிய டைரியை இன்றுதான் கொண்டுவந்து கொடுத்தார். ஐந்து மாதம் ஏற்கெனவே வீணாகிவிட்ட டைரி. என் வயதுக்குப் பொருத்தமாக இருந்ததால் வாங்கிக்கொண்டேன்.

தாள் நல்ல கனம். கோடுதான் சரியில்லை. இருக்கிறதா இல்லையா என்று யோசிக்கவைக்கும் அளவுக்கு மங்கலாக அடித்திருக்கிறான். எனவே கோடில்லாத தாள் என்று வைத்துக்கொண்டு, என் இஷ்டத்துக்குப் பெரிது பெரிதாக எழுதுகிறேன்.

படிக்க ஆளில்லாவிட்டாலும் அறிமுகம் செய்துகொள்வது மரியாதை. பெயர் அர்த்தநாரி. வயது ஐம்பத்துமூன்று. ஈரோட்டில், பெருந்துறை ரோட்டில், மஞ்சளைச் சோதித்துச் சான்று தரும் ஒரு லேபில் அனலிஸ்ட். அதே லேபில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் தவமணி. என் ரிப்போர்ட்டில் அவள் கையெழுத்து விழுந்தால்தான் அது வாசலைத் தாண்டும். தவமணி என் மனைவி. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை 'மேடம்'. மற்ற நேரத்திலும் அதிகாரம் அதேதான், அழைக்கும் பெயர் மட்டும் மாறும்.

வேலை இது. உள்ளங்கை அகலத்தில் ஒரு மெல்லிய அலுமினியத் தகடு. அதன்மேல் சிலிக்கா மாவு, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாகப் பூசியிருக்கும். பிளேட் என்போம். அடியில் பென்சிலால் ஒரு கோடு. கோட்டின்மேல், மயிர்போல் மெலிந்த கண்ணாடிக் குழாயால் மஞ்சள் சாறு ஒரு பொட்டு. பக்கத்திலேயே அசல் என்று நிச்சயமாகத் தெரிந்த மஞ்சளில் இன்னொரு பொட்டு. தெரிந்ததைப் பக்கத்தில் நிறுத்தாமல் தெரியாததைப் படிக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் சட்டம். கொஞ்சம் குளோரோஃபார்ம் கலவை ஊற்றிய கண்ணாடி ஜாடிக்குள் பிளேட்டை நிறுத்தி மூடினால், திரவம் மெல்ல மேலே ஏறும். போகிற போக்கில் பொட்டிலிருக்கும் சரக்குகளையும் இழுத்துக்கொண்டு போகும்.

கல்யாண மண்டபத்தில் இதைப் பார்க்கலாம். கை கழுவிய ஈரத்தோடு பஸ் பிடிக்க ஓடும் பங்காளி. வாசல்வரை போய்க் கதை பேசி நிற்கும் மாமன். மண்டபத்தின் பாதியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும் சித்தப்பா. அசல் மஞ்சளில் இப்படி மூன்று மஞ்சள் புள்ளிகள், மூன்று உயரத்தில். நான்காவதாக ஒருவன் அடிக்கோட்டை ஒட்டி, பந்தியை விட்டே நகராமல் உட்கார்ந்திருந்தால் அவன் அழைக்காத விருந்தாளி. மெட்டானில் மஞ்சள் என்னும் சாயம். துணிக்குப் போடுவது, வயிற்றுக்குள் போகக்கூடாதது. அவனைப் பிடிப்பதுதான் என் பத்தொன்பது வருட உத்தியோகம்.

இந்த டைரியை அடுக்களையில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் வைப்பதாக உத்தேசம். தவமணி படிக்கமாட்டாள். பிறர் விஷயத்தில் நாட்டமே இல்லாத பெண். அந்தக் குறையை வீட்டில் நான் நிவர்த்தி செய்கிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

லேபில் என் மேஜைக்கு மேலிருக்கும் ட்யூப்லைட்டை மாற்றச் சொல்லியிருந்தேன். மாற்றிவிட்டார்கள். இன்னும் மங்கல்தான். மலிவான சரக்கு.

ஜூன் 11, செவ்வாய்

காலையில் உப்புமா. உப்பு இல்லை. சொன்னால் லேபில் பழிவாங்குவாள் என்று சொல்லவில்லை. சொல்லாமலே பழிவாங்கினாள்.

412-ஆம் எண் சாம்பிள். ஓட்டினேன், எடுத்தேன், காயவைத்தேன், பார்த்தேன். மூன்று புள்ளி. 'கலப்படம் இல்லை' என்று எழுதி அனுப்பினேன். மேடம் திருப்பி அனுப்பினாள்: 'மறுபடி ஓட்டவும். ஜாடிக்குள் ஆவி நிறையவில்லை.' ஆவி நிறையவில்லையாம். ஜாடிக்குள் வடிதாளைச் சுற்றிவைத்து, நனைத்து, மூடி, முழுசாக அரைமணி நேரம் காத்திருந்தவன் நான். அந்த அரைமணியில்தான் சாம்பிள் வாங்கிவைக்கும் ஃபிலோமினாவிடம் அவள் வீட்டுக்காரர் மீசைக்குச் சாயம் போட ஆரம்பித்திருப்பதைப் பற்றி விசாரித்து முடித்தேன். ஆகவே காத்திருந்ததற்குச் சாட்சி இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கறுப்பு சரியாகப் பிடிக்கவில்லையாம். அந்தச் சாயத்தைக் கொஞ்சம் பிளேட்டில் ஓட்டிப் பார்க்க எனக்கு ஆசை. ஃபிலோமினா ஒப்பவில்லை.

மறுபடி ஓட்டினேன். மறுபடியும் மூன்று. மேடம் வாங்கி வைத்துக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. அவரைக்காய் நறுக்கினோம்.

ஜூன் 20, வியாழன்

எழுதலாமா என்று யோசித்தேன். சிரிப்புக்காக எழுதிவைக்கிறேன்.

பிளேட்டில் அடிக்கோட்டைப் பென்சிலால் மட்டுமே போடவேண்டும். கல்லூரியில் முதல் வருஷம் முதல் நாள் சொல்லித்தருவது. பேனாவால் போட்டால் பேனாவின் மையும் சாயம்தானே, அதுவும் திரவத்தோடு கிளம்பிவிடும். இன்று நான் பேனாவால் போட்டேன்.

ஜாடிக்குள் நீலமும் ஊதாவும் ஊர்வலம் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மஞ்சளுக்கு வந்த சாம்பிள், மயிலாகி நின்றது. ஃபிலோமினா எட்டிப் பார்த்துவிட்டு, சாருக்கு இன்னைக்கு மனசு எங்கயோ என்று கேட்டாள். எங்கும் இல்லை. இந்தப் பென்சில்கள்தான் இப்போதெல்லாம் எழுதுவதே இல்லை. கோடு போட்டால் போட்டது தெரியவேண்டாமா? பேனா என்றால் தெரிகிறது. அவ்வளவுதான் விஷயம்.

மேடத்துக்குத் தெரியாமல் பிளேட்டைக் குப்பையில் போட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் என் மேஜையில் ஒரு புதுப் பென்சில். படம் வரைகிறவர்கள் வாங்குவது, கரி மாதிரி கறுப்பாக எழுதும். யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நன்றாக எழுதுகிறது.

ஜூன் 28, வெள்ளி

தவமணி இனிமேல் ஸ்கூட்டரைத் தானே ஓட்டுகிறாளாம். கேட்டால், நான் பேசிக்கொண்டே ஓட்டுகிறேனாம். பின்னால் உட்கார்ந்தால் இரண்டு கையும் ஆட்டிப் பேசலாம் என்பதால் ஒப்புக்கொண்டேன். மாலையில் வரும்போது எதிர்வண்டி விளக்குக்கெல்லாம் தாடி முளைத்திருக்கிறது. ஊரே தூசி. மாநகராட்சி என்ன செய்கிறது?

வீட்டில் அவள் மகளுடைய பழைய கலர் பென்சில் டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு எதையோ சீவிக்கொண்டிருந்தாள். மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போய் மூன்று வருஷம். இந்த வயதில் படம் வரையப் போகிறாயா என்றேன். கோலத்துக்கு மாதிரி போட்டுப் பார்க்கிறாளாம். ஆனி மாதத்தில் என்ன கோலமோ.

ஜூலை 9, செவ்வாய்

இன்று ஓர் எண்ணெய் சாம்பிள். எண்ணெய்க்கு நிறம் கிடையாது. பிளேட்டில் ஓடினாலும் கண்ணுக்குத் தெரியாது. அயோடின் போட்ட ஜாடியில் கொஞ்சநேரம் வைத்தால் பழுப்பாக எழும்பி வரும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிளேட்டைத் தொட்டவர் விரலில் எண்ணெய்ப் பசை இருந்தால் அந்த ரேகையும் கூடவே எழும்பிவிடும்.

காலையில் ஓட்டி, காயவைத்து, டிராயரில் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து அயோடினில் வைத்தேன். மூலையில் ஒரு கட்டைவிரல் எழும்பியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். (பூதக்கண்ணாடி ரேகை பார்ப்பதற்காகத்தான்.) ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு தழும்பு. தேங்காய் உடைக்கும்போது அரிவாள் பட்டது. இருபத்துநான்கு வருஷமாக என் தட்டில் தோசை வைக்கிற கட்டைவிரலை எனக்குத் தெரியாதா?

பூட்டிய டிராயருக்கு மாற்றுச் சாவி மேலாளரிடம்தான் உண்டு.

ஃபிலோமினாவிடம் போய், ஒன்றும் தெரியாதவன் மாதிரி மீசையில் ஆரம்பித்து மேடத்தில் முடித்தேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். இரண்டு மாதமாக, ஐந்து மணிக்கு நான் டீக்கடைக்குப் போனபிறகு, மேடம் தனியாக உட்கார்ந்து பிளேட் ஓட்டுகிறாளாம். நான் அன்றைக்கு முடித்த அத்தனை சாம்பிளையும். முதலிலிருந்து. நான் டீக்கடையில் ஊர்க்கதை பேசும் நேரம் முழுக்க.

மனைவிக்கு வேறு ஆளோடு சிநேகம் என்று கேள்விப்பட்டவன்கூட இப்படி ஆடிப்போயிருக்கமாட்டான். ஒற்றுப் பார்க்கிறாள். பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவனை.

ஜூலை 10, புதன்

பேசவில்லை.

ஜூலை 11, வியாழன்

பேசவில்லை. சாம்பார் நன்றாக இருந்தது. அதையும் சொல்லவில்லை.

ஜூலை 12, வெள்ளி

பேசவில்லை. பேசாமலிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பேசவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

நானே தோற்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, என்மேல உனக்கு நம்பிக்கை இல்லையா என்று கேட்டேன். கோபமாகக் கேட்க நினைத்தது, கேட்டபோது வேறு மாதிரி வந்தது.

மடித்த சட்டையை வைத்துவிட்டுச் சொன்னாள்: "உங்கமேல இருக்குதுங். உங்க கண்ணு மேலதான் இல்லீங்."

கண்ணுக்கு என்ன என்றேன். ட்யூப்லைட், பென்சில், மாநகராட்சித் தூசி எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். டைரிக் கோட்டைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவள் மறுத்துப் பேசவில்லை. எண்களை மட்டும் சொன்னாள். 412. 430. 447. மூன்றிலும் நான்காவது புள்ளி இருந்திருக்கிறது. மூன்றிலும் நான் 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன். அவள் மறுபடி ஓட்டிப் பார்த்து, நிறுத்திவைத்து, திருத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

447 யாருடையது என்று கேட்டேன். குழந்தைகளுக்குச் சத்துமாவு செய்கிற கம்பெனி என்றாள்.

கைப்பையிலிருந்து அந்தப் பிளேட்டை எடுத்துவந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எனக்கு மூன்று தெரிந்தது. அதுவும் கடைசிப் புள்ளி, அங்கே இருக்கவேண்டும் என்று தெரிந்ததால் தெரிந்தது. "இங்க பாருங்க" என்று அடிக்கோட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

விரல்தான் தெரிந்தது. நல்ல விரல்.

பிறகு அவளே மெதுவாகச் சொன்னாள், கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் புரை விழுந்து பழுத்துவிட்டால் வெளுத்த மஞ்சள் வெள்ளையோடு வெள்ளையாகிவிடுமாம். படித்துவைத்திருக்கிறாள். மற்ற நிறமெல்லாம் ஓரளவு பிழைத்துக்கொள்ளும், மஞ்சள்தான் முதலில் போகும். எனக்கு வாய்த்த உத்தியோகத்துக்கு எவ்வளவு பொருத்தமான வியாதி.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். பார்க்கலாம் என்றேன். அப்பாவைப் பற்றி எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். இன்றைக்கு வேண்டாம்.

ஜூலை 22, திங்கள்

முதலாளி குப்புராஜ் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். ஆகஸ்ட் 6 அங்கீகாரச் சோதனை. சென்னையிலிருந்து ஒரு டாக்டர் வருகிறார். ஒவ்வொரு அனலிஸ்டும் அவர் கொடுக்கும் சாம்பிளை அவர் கண்முன்னால் ஓட்டிப் படித்துக் காட்டவேண்டும். ஒருவர் தப்பாகப் படித்தாலும் மஞ்சள் சோதிக்கிற அனுமதி நின்றுபோகும். மஞ்சள் நின்றால் இந்த லேபில் ஓடுவது மின்விசிறி மட்டும்தான்.

அனலிஸ்டுகளின் பட்டியலில் 'தகுதியுடையவர்' என்று மேலாளர் கையெழுத்துப் போடவேண்டும். என் பெயருக்கு நேரே இடம் காலியாக இருக்கிறது. குப்புராஜ் இரண்டு தரம் கேட்டுவிட்டார். மேடம், போடறனுங், போடறனுங் என்கிறாள்.

கடந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. திங்கள் ஆகாத நாள். செவ்வாய் ஜாடி கழுவும் நாள். புதன் மூக்கடைப்பு. மூக்கடைப்போடு கண்ணைக் காட்டக்கூடாது என்று எங்கேயோ படித்திருக்கிறேன். எங்கே என்று தவமணி கேட்டாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

கையெழுத்துப் போட்டுவிட்டாள். போடும்போது என்னைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வந்தவர் டாக்டர் வசுமதி. அறுபது வயதிருக்கும். காபி வேண்டாம், பிஸ்கட் வேண்டாம், முதலாளியின் விளக்கவுரையும் வேண்டாம் என்றார். எனக்குப் பிடித்துப்போனது. பிறகு பயமாக இருந்தது.

எண் மட்டும் எழுதிய சின்னக் குப்பி ஒன்றைக் கொடுத்தார். கரித்தடம் விழும் என் பென்சிலால் கோடு போட்டேன். பொட்டு வைத்தேன். கை நடுங்கவில்லை. கையில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஜாடியில் நிறுத்தினேன். திரவம் ஏறி முடித்ததும் எடுத்து, அது காய்வதற்குள் ஏறிய உயரத்தைக் கோடு போட்டு வைத்தேன். காயவைக்கும் பெட்டிக்குள் மேடம் வாங்கி வைத்தாள். அது மேலாளர் செய்யவேண்டிய வேலை அல்ல. நான் அப்போது கவனிக்கவில்லை.

ஐந்து நிமிஷத்தில் அவளே எடுத்து என் கையில் கொடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளைச் சுவரில் மூன்று கறை, மூன்றாவது பாதிக் கற்பனை. டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் என் விரல் பிளேட்டின் இடது ஓரத்தில் பட்டது. சின்னதாக ஒரு கீறல். நகத்தால் சிலிக்காவில் போட்டது. கொஞ்சம் கீழே இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று. அடிக்கோட்டை ஒட்டி நான்காவது. ஒவ்வொரு புள்ளிக்கும் நேராக. கண்ணால் பார்க்க முடியாதவன் விரலால் படிக்க.

எங்கள் மகளுக்கு மூன்று வயது முடிந்த மறுநாள், பஸ்ஸில் கண்டக்டர் சும்மா விட்டும், நேத்தோட மூணு முடிஞ்சுதுங்க என்று கூப்பிட்டு அரை டிக்கெட் வாங்கியவள் தவமணி. நானறிந்து அவள் வாயிலிருந்து ஒரு பொய் வந்ததில்லை. அந்த நகம் இந்தக் கீறலைப் போட்டிருக்கிறது.

நான்கு என்று சொன்னால் முடிந்தது. சரியான விடையும் அதுதான். மாலையில் ஸ்கூட்டரில் கை ஆட்டிப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போகலாம். நாளைக்கு 447 மாதிரி இன்னொன்று வரும். அதற்கு அடுத்த நாளும் வரும். ஒவ்வொன்றிலும் இவள் நகத்தால் கீறிக்கொண்டிருப்பாள்.

கட்டைவிரலை ஓரத்தில் வைத்து மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தேன். மாவு உதிர்ந்தது. நான்கும் போயிற்று.

"எனக்கு மூணுதாங்க தெரியுது" என்றேன். "ஆனா என் கண்ணுல பொறை. நாலாவது ஒண்ணு இருந்தாலும் எனக்குத் தெரியாதுங்க. ஆசிட் ஆவியில காட்டினா சிவக்கும். செவப்பு எனக்குத் தெரியும்."

 குப்புராஜ் அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தது மட்டும் கேட்டது. ஹைட்ரோகுளோரிக் அமில ஜாடியைத் திறந்து பிளேட்டை மேலே காட்டினேன். அடிக்கோட்டை ஒட்டி, ஒன்றுமே இல்லாத இடத்தில், வெற்றிலை போட்ட வாய் மாதிரி ஒரு சிவப்பு மலர்ந்தது. அழைக்காத விருந்தாளி. வாடா என்றேன் மனதுக்குள்.

டாக்டர், அப்படியானால் இத்தனை நாள் வெளியே போன ரிப்போர்ட்டுகளின் கதி என்ன என்று கேட்டார்.  மேடம் உள்ளே போய் ஒரு கட்டு ஃபைலைக் கொண்டுவந்து வைத்தாள். மே மாதத்திலிருந்து நான் படித்த ஒவ்வொரு சாம்பிளும், அவள் மறுபடி ஓட்டிய பிளேட்டும், தேதியும், நேரமும், கையெழுத்தும். டாக்டர் ஒரு மணி நேரம் புரட்டினார். இது தெரிந்த அன்றே ஏன் எழுத்தில் கொண்டுவரவில்லை, பட்டியலில் எப்படிக் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டார்.

தவமணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அவரே சொல்லுவாருன்னு காத்திட்டிருந்தனுங்க. நேத்து அந்த நம்பிக்கையிலதான் போட்டேன். தப்புத்தானுங்க."

ஆகஸ்ட் 7, புதன்

அனுமதி பிழைத்தது. எனக்கு மஞ்சள் படிக்கத் தடை, கண் டாக்டர் சான்று கொண்டுவரும்வரை. எல்லா அனலிஸ்டுக்கும் வருஷம் ஒருமுறை கண் பரிசோதனை கட்டாயம். மேலாளர் மீது எழுத்தில் ஒரு குறை: 'தாமதம்'. தவமணியின் வாழ்க்கையிலேயே முதல் குறை. அந்தக் காகிதத்தை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறாள்.

நகக்கீறலைப் பற்றி நானும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. காலையில் என் தட்டில் தோசை வைக்கும்போது விரலைப் பார்த்தேன். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

நாளைக்கு ஆபரேஷன். வலது கண். எழுதிவிடுகிறேன்.

அப்பா தறி ஓட்டியவர். நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது, ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு அவருக்குக் கண்ணில் ஆபரேஷன் செய்தார்கள். அந்தக் கண் சீழ் பிடித்துப் போயிற்று. இன்னொரு கண்ணைக் கடைசிவரை யாரையும் தொட விடவில்லை. அறுந்த இழையை விரலாலேயே தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவார். அவர் பாவு நூலைத் தடவுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். என்னையும் அப்படித்தான் தடவிப் பார்ப்பார், வளர்ந்திருக்கிறேனா என்று.

இப்போது அப்படியெல்லாம் இல்லை, கால்மணி நேரம்தான் என்கிறார்கள். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

(சொன்னது நான். எழுதியது மேடம். டைரி இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சிலிண்டருக்குப் பின்னால் என்றதும், ஓ அங்கயா என்றாள்.) முடிந்தது. கட்டுப் போட்டிருக்கிறது. வலி இல்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் கோபிச்செட்டிப்பாளையம், இரண்டு மகன்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, காரணம் ஒரு டிராக்டர். மேற்கொண்டு விவரத்தை எழுதமாட்டேன் என்கிறாள் மேடம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கட்டு எடுத்து நான்கு நாள் ஆயிற்று. இன்றுதான் எழுதலாம், கொஞ்சமாக என்றார்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வீட்டுச் சுவர் வெள்ளை. சந்தனக் கலர் என்று நினைத்திருந்தேன். என் வெள்ளைச் சட்டைதான் சந்தனக் கலர். இரண்டு வருஷமாக மஞ்சள் கறையோடு இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மற்றவர்கள் மீசையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். தவமணியின் காதோரம் முழுக்க நரை. எப்போது வந்தது என்று கேட்டேன். நீங்க பாக்காதப்ப என்றாள்.

சாப்பிட்டபிறகு அவள் கடைக்குப் போனாள். சிலிண்டருக்குப் பின்னாலிருந்து இந்த டைரியை எடுத்தேன். முதல் பக்கத்தைத் திறந்தேன். கோடு இருந்தது. பளிச்சென்று, நீலத்தில். கம்பெனிக்காரரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

பக்கத்தின் ஓரத்தில் வேறொன்றும் இருந்தது. மஞ்சள் கலர் பென்சிலில், சின்ன எழுத்தில், தவமணியின் கையெழுத்து.

ஜூன் மூன்றாம் தேதிக்கு நேராக: 'இது தெரியுதுங்களா?'

இடது கண்ணை மூடினேன், திறந்தேன். வலது கண்ணை மூடி, இன்னும் ஆபரேஷன் ஆகாத இடது கண்ணால் பார்த்தேன். வெறும் தாள். மறுபடி வலது கண். எழுத்து.

அடுத்த பக்கம், ட்யூப்லைட்டுக்கு நேராக: 'அது புது ட்யூபுங்க. இது தெரியுதுங்களா?' உப்புமாவுக்கு நேராக: 'உப்பு போட்டனுங்.' பேனாக்கோடு போட்ட அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை, ஒரு சின்ன மயில் வரைந்திருந்தாள். நான் பேசாமலிருந்த வியாழக்கிழமை: 'சாம்பார் பிடிச்சுதுன்னு தெரியும். ரெண்டாந்தரம் ஊத்திக்கிட்டீங்க.' 'நல்ல விரல்' என்று எழுதிய இடத்தில் எதையோ எழுதி அழித்திருந்தாள். அழித்தது இந்தக் கண்ணுக்கும் தெரியவில்லை.

என் எழுத்துக்குப் பக்கத்தில், தெரிந்த ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறாள். எங்கள் முதல் சட்டப்படி. இரண்டரை மாதம், நான் எழுதிய ஒவ்வொரு நாளும். எந்த நாளில் இது எனக்குத் தெரிகிறதோ அன்றைக்கு நான் சண்டைக்கு வருவேன் என்று காத்திருந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் ஆறு: 'நான் தப்புப் பண்ணினேன். நீங்க தொடச்சு விட்டீங்க.'

அப்பாவைப் பற்றி எழுதிய பக்கத்தில்: 'எனக்கும் மாமா ஞாபகந்தான். அதான் மே மாசமே தெரிஞ்சும் வாயத் திறக்கல.'

நான் சொல்லச் சொல்ல அவள் எழுதிய அந்தப் பக்கத்தில், கோபிச்செட்டிப்பாளையத்துக் கதைக்குக் கீழே இன்னொன்று; ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதியிருக்கவேண்டும். மற்றதைவிட வெளிறிய எழுத்து. அழுத்தாமல், பென்சில் தாளில் பட்டும் படாமல்: 'இது தெரியணும்.'

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. என் கறுப்புப் பென்சிலை எடுத்து அதற்குக் கீழே எழுதினேன். கோட்டின்மேல், சின்ன எழுத்தில்:

தெரியுதுங்க மேடம்.

பிறகு டைரியை சிலிண்டருக்குப் பின்னால், அவள் எடுக்கிற இடத்தில் வைத்துவிட்டு, கதவைத் திறக்கப் போனேன்.